அறுபதில் கேட்ட குரல்

உத்தியோகஸ்தர்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டு சாய்வு நாற்காலியில் அமரும் பிராயத்தில், நமது சிவகங்கைச் சீமைக் கொல்லங்குடிக் கருப்பாயி அம்மாள் சினிமாவில் பாடப் புறப்பட்டார். 1985-ஆம் வருஷத்தில் வெளியான 'ஆண்பாவம்' படத்தில், இளையராஜாவின் இசையில் பாடியதோடு பாட்டியாக நடிக்கவும் செய்தார். கிராமத்தார் நெடுங்காலமாக அறிந்திருந்த குரலைப் பட்டணம் அப்பொழுதுதான் 'கண்டுபிடித்தது'! கலைமாமணி விருதும் பெற்ற அம்மாள், 2025-இல் காலமானார்.

இசைத்தட்டில் தங்கியவை சில பாட்டுக்களே. ஏட்டில் ஏறாமல் அவருடன் போனவை எத்தனையோ?

இந்த விசாரத்தில், மானகிரியில் என் மாணவர்களிடம் வீட்டுப் பாட்டிமார் பாடுவதை எழுதிவரும்படி சொன்னேன். ஒரு சிறுமியின் நோட்டில் இரண்டே வரிகள் இருந்தன. காரணம் கேட்டேன்.

"ஒப்பாரி ஸார். அப்பத்தா பாதியிலேயே அழுதிருச்சு" என்றாள்.