தேனறையும் சங்கத்தின் கடமையும்

குமரி மாவட்டத்தில் இரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்விடும் தை, மாசி, பங்குனி மாதங்களே தேன் காலம். இளந்தளிர்க் காம்பில் சுரக்கும் இன்னீரை நாடி ஈக்கள் பறக்கும். இப்பருவத்தில் அங்கத்தினர்களிடமிருந்து தவறாது எழும் முறையீடு ஒன்றுண்டு: "மேலே தேனறை வைத்தோம், ஈ ஏறவில்லை." சிலர் பெட்டியைப் பழிக்கின்றனர், சிலர் ஈயைப் பழிக்கின்றனர். இரண்டும் பொருந்தா என்பது நம் கருத்து.

திருச்சிராப்பள்ளியில் நியூட்டன் பாதிரியார் 1910களில் நம் நாட்டுத் தேனீயின் இயல்பறிந்து அமைத்த பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. கீழே 7 சட்டங்கள் கொண்ட புழு அறை. அதன்மேல் உயரம் குறைந்த தேனறை. முன்னது குடும்பம் வாழும் வீடு, பின்னது பண்டகசாலை. வீடு நிறையுமுன் பண்டகசாலை எதற்கு? ஆதலின் கீழுள்ள 7 சட்டங்களையும் ஈக்கள் மூடி நிற்கும் நிலையிலேயே தேனறையை வைத்தல் வேண்டும். முந்தி வைப்பின் கூட்டின் சூடு குறைந்து புழுக்கள் வாடும். மெழுகு அந்துப்பூச்சியும் புகும். பிந்தி வைப்பின் குடும்பம் பிரிந்து பறந்துவிடும். குடும்பம் நலிந்திருந்தால் தேன் காலத்திற்கு முன்னரே சர்க்கரைப்பாகு ஊட்டி வலுப்படுத்தலாம். தேனறை வைத்தபின் பாகு ஊட்டுதல் கூடவே கூடாது. பாகு தேனில் கலந்தால் சங்கத்தின் நற்பெயர் கெடும்.

புகையிட்டு விரட்டினால் ஈ மேலே ஏறும். புகை தணிந்ததும் இறங்கிவிடும். அது தானே ஏறித் தங்குவதற்கு அங்கே அடை இருக்க வேண்டும். ஒரு பங்கு மெழுகு சுரக்க ஈக்கள் அதனினும் பன்மடங்கு தேனை உண்கின்றன. வெறுஞ்சட்டத்தைக் கண்டு அவை தயங்குவதில் வியப்பில்லை. சென்ற பருவத்து அடையைத் துண்டு செய்து, வாழைநாரால் ஓரிரு சட்டங்களில் கட்டி மேலே வைத்தால், அதைப் பற்றிக்கொண்டு வேலை தொடங்கிவிடும். நெசவாள அன்பர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பாவு பூட்டாத தறியில் ஊடை ஓடுவதில்லை அன்றோ?

ஆனால் சென்ற பருவத்து அடை எத்தனை அங்கத்தினரிடம் இருக்கிறது? கையால் பிழிந்தெடுப்போரிடம் அடை மிஞ்சுவதில்லை. மேலறை வெறிதாயிருக்கக் கண்டு புழு அறையிலேயே கத்தி வைப்போரும் உளர். அங்கே தேனோடு புழுவும் அழிகிறது. குடும்பமே பெட்டியை விட்டு ஓடிவிடுகிறது. 1991-92ஆம் ஆண்டுகளில் தாய் சாக்புரூட் என்னும் நச்சுயிரி நோய் தென்னாட்டுப் பெட்டிகளைச் சூறையாடியது. அதன்பின் அரிதின் முயன்று பெருக்கிய குடும்பங்களை நாமே கத்தியால் கலைப்பது தகுமா?

இங்கேதான் சங்கங்களின் கடமையை வற்புறுத்துகிறோம். தேனை எடை போட்டு வாங்குவதோடு சங்கத்தின் பணி முடிந்துவிடாது. அடை சிதையாமல் தேன் எடுக்கும் சுழல் இயந்திரத்தைச் சங்கமே வாங்கி, முறை வைத்து ஊர்தோறும் அனுப்ப வேண்டும். எல்லோருக்கும் ஒரே வாரத்தில் வேண்டியிருக்குமே என்பர். ஈக்கள் மெழுகால் மூடிய தேன் சில நாள் பொறுக்கும். முறைப்பட்டியல் ஒன்றிருந்தால் இடர்ப்பாடு நேராது. பருவம் முடிந்தபின் தேனறை அடைகளுக்குக் கந்தகப் புகை காட்டி, அந்து அணுகாதபடி பத்திரப்படுத்தும் பொறுப்பையும் சங்கம் ஏற்கலாம்.

சிறு விவசாயி தனித்து ஓர் இயந்திரம் வாங்குதல் அரிது; இருபதுபேர் கூடினால் எளிது. தேன் பணம் கைக்கு வரும்போதே சிறு தொகையை இதற்கென ஒதுக்க அடுத்த பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொணருமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம். மேலறையில் பழைய அடை காத்திருக்குமாயின், வரும் தை மாதத்தில் ஈயை ஏற்றிவிட வேறு தந்திரம் தேட வேண்டியிராது.