கணக்கைக் காட்டுங்கள்

2023 மே 2 அன்று ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜூலையில் நடிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். இரு சங்கங்களும் ஒரே நேரத்தில் போராடியது 1960-க்குப் பிறகு அப்போதுதான். 1960-இல் தொலைக்காட்சியில் ஓடும் படங்களுக்குப் பங்கு கேட்ட நடிகர் சங்கத்தின் தலைவர் யார் தெரியுமா? பின்னாளில் அமெரிக்க அதிபரான ரொனால்ட் ரீகன்! இம்முறை மோதல் ஓடிடி நிறுவனங்களோடு. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கை வெளியே காட்ட அவற்றுக்கு அப்போது மனமிருக்கவில்லை. கணக்கு தெரியாதவர் எந்தப் பங்கைக் கேட்பார்? இன்னொரு அச்சம், தங்கள் வேலையைச் செயற்கை நுண்ணறிவு பறித்துவிடுமோ என்பது. 148 நாள் போராடி, அதற்கு எழுத்தாளர்கள் வரம்பு கட்டினார்கள். நடிகர்களின் ஒப்பந்தத்தில், ஒருவரின் உருவத்தைக் கணினியில் நகலெடுக்க ஒப்புதலும் ஊதியமும் தேவை என்றானது. ஆனால், கூட்டத்தில் நிற்கும் துணை நடிகர் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் தலையாட்டினால், அதுவும் ஒப்புதல்தானா? இந்த ஓட்டையை நடிகர் சங்கம் அடைத்தே ஆக வேண்டும்.