இணையம் என்னும் பொதுவழி

மக்கள் கூடி வாழ்வதற்கு இன்றியமையாதது வழி. ஊருக்கும் ஊருக்கும் இடையே வழி அமைந்த பின்னரே வாணிகம் வளர்ந்தது, கல்வி பரவியது, உறவு பெருகியது. இந்நாளில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத வழியொன்று உலகின் பல பகுதிகளையும் பிணைத்து நிற்கின்றது. அதுவே இணையம். அவ்வழியில் நாள்தோறும் செல்வோர் மிகப் பலர். அதன் இயல்பை அறிந்தோர் சிலரே.

“வண்டியின் பொறியை அறியாதவரும் வண்டியில் ஏறிச் செல்கின்றனர். அவ்வாறிருக்க, இணையத்தின் இயக்கத்தை எல்லாரும் அறிவதால் விளையும் பயன் யாது?” என்று சிலர் வினவுவர். வண்டியின் பொறியை அறியாதிருத்தல் குற்றமன்று. சாலையின் விதியை அறியாதிருத்தல் குற்றமேயாகும். இணையம் வண்டியன்று, சாலை. ஆதலின், அதில் செல்வார் அனைவரும் அதன் முறைமையை அறிந்திருத்தல் வேண்டும்.

இணையமும் வலையும் ஒன்றே எனக் கருதுவோர் பலர். அவை வேறு வேறானவை. கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பாதை இணையம். அப்பாதை வழியே வந்து சேரும் ஏடுகளின் தொகுதி வலை. இணையத்திற்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் என்னும் பிணையத்தில் 1971ஆம் ஆண்டிலேயே மின்னஞ்சல் சென்றது. வலையோ அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்தே பிறந்தது. பாதை முந்தியது, ஏடு பிந்தியது என்பதற்கு இதுவே சான்றாகும்.

இப்பாதையின் தொடக்கம் மிக எளியது. 1969ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக் கணிப்பொறிக்கு ‘லாகின்’ என்னும் சொல்லை அனுப்ப முயன்றனர். ‘எல்’, ‘ஓ’ என்னும் இரண்டு எழுத்துகள் சென்ற அளவில் கணிப்பொறி செயலற்று நின்றது. அன்று இரண்டு எழுத்துகளுக்கு மேல் தாங்க இயலாத பாதை, இன்று நூலகம் நூலகமாகச் செய்திகளைச் சுமந்து செல்கின்றது.

அஃது எங்ஙனம் இயன்றது? செய்தியை முழுமையாக அனுப்பாமல் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்து அனுப்பும் முறையே அதற்குக் காரணம். 1960களில் அமெரிக்காவில் பால் பாரனும் பிரித்தானியாவில் டொனால்டு டேவிசும் தனித்தனியே இம்முறையை எண்ணிக் கண்டனர். ஒவ்வொரு பொட்டலமும் அனுப்புவோர் முகவரியையும் பெறுவோர் முகவரியையும் தன் வரிசையெண்ணையும் தாங்கிச் செல்லும். சந்திகள்தோறும் நிற்கும் திசைவி என்னும் கருவி, அதனை அடுத்த சந்திக்குச் செலுத்தும். ஒரு வழி அடைபட்டால் வேறு வழி தேடப்படும். இறுதியில் பொட்டலங்கள் வரிசைப்படி சேர்க்கப்படும்; காணாமற்போனது மீண்டும் அனுப்பப்படும்.

மொழி வேறுபட்ட இருவர் பேசப் பொதுமொழி ஒன்று வேண்டும். அதுபோலவே, வெவ்வேறு அமைப்புடைய கணிப்பொறிகள் உரையாடப் பொது நெறிமுறை வேண்டும். வின்டன் செர்ப், ராபர்ட் கான் ஆகிய இருவரும் 1974இல் அதனை வகுத்து வெளியிட்டனர். அதிலிருந்து வளர்ந்த டி.சி.பி./ஐ.பி. என்னும் நெறிமுறையை 1983ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் ஆர்ப்பாநெட் மேற்கொண்டது. இணையம் இயங்குவது ஒருவரின் ஆணையால் அன்று; பலரின் உடன்பாட்டால் என்பது இதனால் விளங்கும்.

இப்பாதையின்மேல் வலையை நெய்தவர் டிம் பெர்னர்சு-லீ. செனீவா நகரை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் 1989இல் அவர் தம் எண்ணத்தை எழுதி அளித்தார். 1990இன் இறுதியில் முதல் வலைத்தளம் இயங்கியது. ஒருவர் உலாவியில் ஒரு தளத்தின் பெயரை எழுதியவுடன், பெயர்ப் பதிவேடு அப்பெயருக்குரிய எண் முகவரியைத் தருகின்றது. உலாவி அம்முகவரியிலுள்ள கணிப்பொறியிடம் ஏட்டை வேண்டுகின்றது; அதுவும் விடுக்கின்றது. கேட்டலும் கொடுத்தலுமே வலையின் தொழில்.

1993ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆம் நாள், வலையின் மென்பொருளை எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. விலை வைத்திருப்பின் பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம், ஆயினும் பொதுவாக்கியது. செல்வரும் வறியரும் ஒரே வழியில் நடக்க இக்கொடை துணை செய்தது.

இவ்வழி வானில் மிதப்பதாக எண்ணுவோரும் உளர். கண்டங்களுக்கு இடையே செல்லும் செய்திகளில் பெரும்பகுதி கடலடியில் கிடக்கும் கண்ணாடியிழை வடங்களின் வழியே ஒளியாகப் பாய்கின்றது. சென்னைக் கடற்கரையிலும் அத்தகைய வடங்கள் கரையேறுகின்றன. 2022ஆம் ஆண்டு சனவரியில் தொங்கா நாட்டில் எரிமலை சீறியபோது, அத்தீவுகளை வெளியுலகோடு பிணைத்த கடலடி வடம் அறுந்தது. அதனைச் செப்பனிட ஏறத்தாழ ஐந்து வாரங்கள் சென்றன. ஒற்றை வடத்தையே நம்பியிருந்தவர்க்கு மாற்று வழியின் அருமை அன்று விளங்கியது.

மாற்று வழி பல இருப்பதே இணையத்தின் வலிமை. இன்றோ, மிகப் பலர் சில பெருநிறுவனங்களின் வாயில் வழியாகவே இணையத்தைக் காண்கின்றனர். அவ்வாயிலையே இணையம் என நம்பவும் செய்கின்றனர். பொதுவழி தமக்குரியது என்பதை மறந்தார், அதற்குச் சுங்கம் விதிப்பாரைத் தடுக்கவும் அறியார். உலாவியில் தோன்றும் பூட்டுக் குறி, செய்தி இடைவழியில் களவாடப்படாது என்பதை மட்டுமே காட்டும். மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்று காட்டாது. இச்சிறு உண்மையை அறியாமல் பொருளை இழந்தோர் பலர்.

ஆகவே, இணையத்தின் இயல்பை அறிதல் பொறியாளர்க்கு மட்டும் உரிய கல்வி அன்று. குடிமக்கள் அனைவர்க்கும் உரிய கல்வி. பலர் கூடி அமைத்துப் பொதுவாக விட்டுச்சென்ற வழியை, அறிந்து நடப்பாரே காக்கவும் வல்லார்.