முதலாளிக்கு வக்கீல் சொல்ல வேண்டியது

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போகிறோம். கெட்டிக்கார டாக்டர் மருந்து மட்டும் கொடுத்து அனுப்பமாட்டார். "தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்" என்றும் சொல்லுவார். அடுத்த காய்ச்சல் வராமல் இருக்க அதுதான் வழி.

வக்கீல் தொழிலும் அப்படித்தான். வழக்கு வந்த பிறகு வாதாடுவது ஒரு வேலை. வழக்கே வராமல் பார்ப்பது அதைவிடப் பெரிய வேலை.

தொழிலாளர் சட்டம் படித்த வக்கீல்கள் பலர் முதலாளிகளுக்கு யோசனை சொல்லுகிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. தொழிலாளிக்குச் சங்கம் துணை. முதலாளிக்கு வக்கீல் துணை. ஆனால், அந்த வக்கீல் என்ன யோசனை சொல்லுகிறார் என்பதில்தான் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சோறு இருக்கிறது.

சட்டத்தில் ஒரு விசித்திரம்

சொத்து வழக்குக்கு வக்கீல் உண்டு. கொலை வழக்குக்கும் வக்கீல் உண்டு. ஆனால், தொழில் தகராறில் சர்க்கார் அதிகாரி சமரசம் பேசும் இடத்துக்குள் வக்கீல் நுழைய முடியாது. 1947-ம் ஆண்டு வந்த தொழில் தகராறு சட்டம் அப்படிச் சொன்னது. தொழிலாளர் கோர்ட்டில்கூட, எதிர்த் தரப்பு சம்மதித்து, நீதிபதியும் அனுமதி தந்தால்தான் வக்கீல் வாதாடலாம். பிறகு வந்த புதிய சட்டமும் இந்த விதியை விட்டுவிடவில்லை.

ஏன் இந்தத் தடை? பணம் உள்ளவர் பெரிய வக்கீலைக் கொண்டுவருவார். பணம் இல்லாதவர் வாய் அடைத்து நிற்பார். அது சமரசம் ஆகாது.

ஆகவே, முதலாளியின் வக்கீலுக்கு உண்மையான வேலை சண்டைக்கு முன்புதான். அவர் நல்ல யோசனை சொன்னால் சண்டையே வராது.

வென்றும் தோற்ற கதை

1918-ம் ஆண்டு சென்னையில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தார்கள். பி. பி. வாடியா தலைவர். திரு. வி. க.வும் அதில் பங்கு கொண்டார். 1920-ல் தகராறு முற்றியது. ஆலையை நடத்திய பின்னி கம்பெனி, சங்கத் தலைவர்கள் மீது சென்னை ஐகோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தது. கோர்ட்டு தடை உத்தரவு போட்டது. கம்பெனிக்கு வெற்றி!

ஆனால், நடந்தது என்ன? "சங்கம் வைத்ததற்காக வழக்கா?" என்று நாடு முழுவதும் கேட்டார்கள். 1921-ல் அதே ஆலைகளில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. என். எம். ஜோஷி, டில்லி சட்டசபையில் குரல் கொடுத்தார். 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. கம்பெனி வழக்கில் வென்றது; ஆனால், அந்த வழக்கே எதிர்த் தரப்புக்குப் பலம் தேடித் தந்தது.

திண்டுக்கல்லில் என்ன நடந்தது?

திண்டுக்கல் என்றால் பூட்டு நினைவுக்கு வரும். பிறகு தோல் பதனிடும் தொழில். இப்போது திண்டுக்கல்லிலும் வேடசந்தூர்ப் பக்கமும் நூற்பு ஆலைகள் நிறைந்திருக்கின்றன. சுற்றிலும் உள்ள கிராமத்துப் பெண்கள் பஸ்சிலும் வேனிலும் வேலைக்கு வருகிறார்கள்.

ஒரு காலத்தில் தமிழ்நாட்டு ஆலைகள் பலவற்றில் "சுமங்கலித் திட்டம்" என்று ஒன்று இருந்தது. 3 ஆண்டு வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவோம் என்றார்கள். பெண்களைத் "தொழிலாளி" என்று சொல்லவில்லை, "பயிற்சியாளர்" என்றார்கள். இடையில் உடம்புக்கு முடியாமல் வீடு திரும்பிய பெண்கள் பலர், சேர்ந்த பணத்தையும் இழந்தார்கள். பெயரை மாற்றினால் சட்டத்தின் கண்ணை மறைத்துவிடலாம் என்ற தந்திரம் இது.

2021-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஒரு கொடுமை நடந்தது. திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள நாச்சி அப்பேரல் என்ற ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இளம்பெண் கொலை செய்யப்பட்டாள். அதே ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவரைப் போலீசார் கைது செய்தார்கள். ஆலையில் பெண்களுக்குத் தொல்லை இருந்ததாகத் தொழிலாளர் சங்கம் புகார் கூறியது.

பெண்களைப் பாலியல் தொல்லையில் இருந்து காக்கும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. 10 பேர் வேலை செய்தாலே அங்கு ஒரு புகார்க் குழு வேண்டும். பெண்தான் அதற்குத் தலைமை தாங்கவேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கவேண்டும். வெளியில் இருந்தும் ஒருவர் வேண்டும். குழு அமைக்காத முதலாளிக்கு 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். சட்டம் இருந்தது. ஆனால், சுவரில் ஒட்டிய காகிதம் எந்தப் பெண்ணையும் காப்பாற்றாது. பயமில்லாமல் போய்ச் சொல்ல ஓர் இடம் வேண்டும்.

2022-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அந்த ஆலையை நடத்தும் ஈஸ்ட்மேன் நிறுவனமும், தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆசிய, அமெரிக்கத் தொழிலாளர் அமைப்புகளும் கையெழுத்திட்டன. துணி வாங்கும் எச் அண்டு எம், கேப், பி.வி.எச். ஆகிய வெளிநாட்டுக் கம்பெனிகளும் கட்டுப்பட்டன. தொழிலாளர்களிலேயே சிலருக்குப் பயிற்சி தந்து, தொல்லை நடந்தால் கவனித்துச் சொல்ல ஏற்பாடு ஆயிற்று. "திண்டுக்கல் ஒப்பந்தம்" என்ற பெயரில் உலகம் முழுவதும் அது பேசப்பட்டது.

அதே ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்க சுங்க இலாகா, நாச்சி ஆலையின் துணிகள் தன் நாட்டுக்குள் வரத் தடை போட்டது. செப்டம்பரில் தடை நீங்கியது. அதற்கு இந்த ஒப்பந்தம் பெரிய உதவியாக இருந்தது. ஆலையைத் திரும்ப நிமிர்த்தியது சட்டத்தில் கண்டுபிடித்த சந்து அல்ல. தொழிலாளர்களோடு செய்துகொண்ட உடன்பாடு!

எது நல்ல யோசனை?

2025-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி, 29 பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக 4 புதிய சட்டங்கள் அமலுக்கு வந்தன. பெண்களுக்கான 2013-ம் ஆண்டுச் சட்டம் தனியாகவே இருக்கிறது. இப்போது முதலாளிகள் பலரும் வக்கீலைத் தேடிப் போவார்கள். அவர்களுக்கு வக்கீல் சொல்ல வேண்டியது இதுதான்:

வேலைக்குச் சேர்ப்பவருக்கு நியமனக் கடிதம் கொடுங்கள். மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ந் தேதிக்குள் கொடுங்கள். கூடுதல் நேரம் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் கொடுங்கள். ஒருவர் வேலையை விட்டுப் போனால் 2 வேலை நாளில் கணக்கைத் தீருங்கள். 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால், தொழிலாளரும் சமமாக உட்காரும் குறைதீர்க்கும் குழுவை அமையுங்கள்.

"இதெல்லாம் பெரிய மில்லுக்குச் சரி. பூட்டுப் பட்டறைக்கு எப்படிக் கட்டும்?" என்று சிறு முதலாளி கேட்பார். அவர் கஷ்டம் உண்மைதான். இருந்தாலும் ஒன்றை அவர் யோசிக்கவேண்டும். சம்பளக் கணக்கு நோட்டு சரியாக இருந்தால், பொய்ப் புகாரில் இருந்து அவரையும் அது காப்பாற்றும். நோட்டு இல்லாதவரை எந்த வக்கீலும் காப்பாற்ற முடியாது.

தொழிலாளி வீட்டாரும் சும்மா இருக்கக்கூடாது. மகளை மில்லுக்கு அனுப்பும் தாய், "சம்பளம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் போதாது. "நியமனக் கடிதம் கொடுத்தார்களா? பி.எப். எண் என்ன? தொல்லை நேர்ந்தால் யாரிடம் சொல்லவேண்டும்?" என்றும் கேட்கவேண்டும். புகாரை 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். எழுதத் தெரியாவிட்டால், எழுதித் தர உதவவேண்டியது குழுவின் கடமை.

முதலாளிகளே! உங்கள் வக்கீலிடம் "இதில் இருந்து எப்படித் தப்பலாம்?" என்று கேட்காதீர்கள். "இதை எப்படிச் சரியாகச் செய்யலாம்?" என்று கேளுங்கள். இரண்டு கேள்விக்கும் கட்டணம் ஒன்றுதான். ஆனால், இரண்டாவது கேள்வியைக் கேட்ட முதலாளியின் ஆலைக்குப் பெற்றவர்கள் பயமில்லாமல் பெண்ணை அனுப்புவார்கள்.