ஏவலும் ஒப்படைப்பும்

'ஊருக்குப் போய் விசாரிச்சுட்டு வா தோழர்.' வன்கொடுமைச் செய்தி வந்ததும் நம் அமைப்புகளில் புழங்கும் சொல் இது. கல்லூரியில் படிக்கும் தம்பியும் தங்கையும் அன்றே பஸ் ஏறுகிறார்கள். எதை விசாரிக்க வேண்டும் என்று யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

சாதி சொல்லி இழிவுபடுத்திய ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் அது நடந்ததா என்று கேட்கிறது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். நான்கு சுவருக்குள், வெளியார் யாருமில்லாதபோது பேசியது இதில் வராது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே போகிறவரிடம் நாம் சொல்ல வேண்டியது இது: பேசிய வார்த்தையை அப்படியே எழுது. நடந்தது தெருவிலா, வீட்டுக்குள்ளா? சொந்தக்காரர் தவிர யார் கேட்டார்கள்? பேசினவர் என்ன சாதி? இதையெல்லாம் ஏன் கேட்கிறோம் என்பதையும் சொல்லணும். காரணம் தெரிந்தவர், நாம் நினைக்காத கேள்வியையும் அங்கே கேட்டு வருவார். தெரியாதவர் நாலு பக்கம் எழுதி வந்தாலும் வழக்கு நிற்காது. விடுபட்டதைக் கேட்க மறுபடி போனால், அவமானப்பட்ட அம்மா அந்த வார்த்தையை இன்னொரு முறை தன் வாயால் சொல்லணும்.

ஆண்டை நம் தாத்தாக்களுக்குக் காரணம் சொன்னதில்லை. 'செய்யுடா' என்றான், அவ்வளவுதான். அது ஏவல். நம் பொறுப்பாளர்களும் காரணத்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டு வேலையை மட்டும் கீழே தள்ளினால் அதற்கு வேறு பேர் என்ன? அப்புறம் 'பசங்களுக்கு விவரம் பத்தல'ன்னு குறை வேறு.

வாயால் சொன்ன புகாரை எழுதிய போலீசு, கையெழுத்து வாங்குமுன் புகார் தந்தவருக்கு அதைப் படித்துக் காட்ட வேண்டும். 2015 திருத்தம் இதைச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் கடமையாக வைத்திருக்கிறது. போலீசிடம் கேட்கிற இந்த நியாயம் நமக்குள்ளும் வேணும் என்கிறேன். வேலையை ஏற்றுக்கொண்டவர் அதைத் திருப்பிச் சொல்லட்டும்: எதுக்குப் போறேன், என்ன கொண்டுவரணும், எப்போ, யாரிடம் கொடுக்கணும். விடுபட்டது அங்கேயே தெரிந்துவிடும். 'புரிஞ்சுதா?' என்று மட்டும் கேட்டால் மூத்தவர் முகத்துக்காகத் தலையாட்டுவார்கள். அதை நம்பக் கூடாது.

இளைய தோழர்களே, புரியாமல் பஸ் ஏறாதீர்கள். 'எதுக்கு?' என்று கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளிக்கும் பொறுப்பாளர் இருந்தால், மாற வேண்டியவர் அவர்தான்.