விழா எடுத்தவங்க மொழியும் வீட்டுல பேசினவங்க மொழியும்



அமெரிக்காவில் ஆமிஷ் என்று ஒரு கிறிஸ்துவ சமூகம் இருக்கிறது. குதிரை வண்டி, தாடி, தொப்பின்னு வீடியோவில் நிறைய பேர் பார்த்திருப்பீங்க. எல்லாரும் அந்தக் குதிரை வண்டியைத்தான் பேசுறாங்க. எங்களுக்கு அவங்க பேச்சுதான் பெரிய விஷயமாத் தெரியுது.

அவங்க வீட்டுல பேசுறது இங்கிலீஷ் இல்ல, ஒரு ஜெர்மன் வட்டார மொழி. அவங்க அதை 'டைட்ச்' என்பாங்க. வெளியில் அதற்குப் பேர் பென்சில்வேனியா டச்சு. ஹாலந்து நாட்டு டச்சு வேற, இது வேற. 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் தென்மேற்கே, முக்கியமாக பாலட்டினேட் பகுதியிலிருந்து கப்பல் ஏறிப் போன குடியானவங்க பேச்சு இது. இன்றைக்கும் பென்சில்வேனியா, ஒஹாயோ, இந்தியானா மாநிலங்களில் பெரும்பாலான ஆமிஷ் குழந்தைகள் முதலில் பேசுறது இந்த மொழிதான்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். ஆரம்பத்தில் இந்த மொழியைப் பேசியவங்களில் ஆமிஷ் மக்கள் சின்னக் கூட்டம்தான். பெரும்பாலானவங்க லூத்தரன், ரிஃபார்ம்ட் சபைக்காரங்க. படிப்பு, டவுன் வேலை, வெளியில் கல்யாணம், முதல் உலகப் போர் நேரத்தில் ஜெர்மன் மேல் வந்த வெறுப்பு எல்லாம் சேர்ந்து, அவங்க பிள்ளைகளிடம் இங்கிலீஷ் பேச ஆரம்பிச்சாங்க. மொழி போகுதேன்னு 1930களில் சங்கம் வச்சாங்க. வருஷா வருஷம் விருந்து, நாடகம், பாட்டு. அங்கே இங்கிலீஷ் பேசினா அபராதம்கூட உண்டு! நல்ல எண்ணம்தான், குறை சொல்ல முடியாது. ஆனா விருந்து முடிஞ்சு வீட்டுக்குப் போனா பிள்ளைகிட்ட இங்கிலீஷ். இன்றைக்கு அந்தப் பக்கம் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் வயசானவங்கதான்.

ஆமிஷ் மக்கள் அப்படி எதுவும் செய்யல. அவங்க பள்ளியில் பாடம் நடப்பது இங்கிலீஷில். ஒருத்தருக்கொருத்தர் கடிதம் எழுதுவதுகூட பெரும்பாலும் இங்கிலீஷில்தான். டைட்ச் பேச்சில் இங்கிலீஷ் வார்த்தை கலந்தாலும் வெட்கப்படுவதில்லை. ஆனா பிள்ளையிடம் பேசுற மொழியை மட்டும் மாத்தல. இப்போ அவங்க மூன்றரை லட்சத்துக்கு மேல். சுமார் 20 வருஷத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகுறாங்க.

"வழிபாடு காப்பாத்துது" என்று சிலர் சொல்லலாம். அது பாதி உண்மை. ஆமிஷ் வழிபாட்டில் லூத்தர் மொழிபெயர்த்த பைபிளும், 'அவுஸ்பண்ட்' என்ற பழைய பாட்டுப் புத்தகமும் எழுத்து ஜெர்மனில் இருக்கின்றன. ஆனா லூத்தரன் சபைகளிலும் பல தலைமுறை ஜெர்மன் இருந்ததே! வீட்டுப் பேச்சு மாறியது, பின்னாலேயே சபையும் இங்கிலீஷுக்கு மாறிடுச்சு.

"அவங்க உலகத்தை ஒதுக்கி வாழுறாங்க, நம்மால் முடியுமா?" என்றும் கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஆமிஷ் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்துறாங்க. 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அதை அனுமதித்தது. அந்த விலையைக் கொடுக்கச் சொல்ல எங்களுக்கு மனசு வராது. நம்ம பிள்ளைங்க பல்கலைக்கழகம் போகணும்.

ஆனா ஒதுங்கி வாழ்வது மட்டும் காரணம் இல்ல. வடக்கு இந்தியானாவில் கேரவன் வண்டி செய்யும் தொழிற்சாலைகளில் நிறைய ஆமிஷ் ஆண்கள் வேலை பார்க்கிறாங்க. வெளியாளிடம் இங்கிலீஷ், வீட்டுக்குள்ளே டைட்ச். ஷிஃப்ட் முடிஞ்சதும் யூனிஃபார்மைக் கழட்டுற மாதிரி மொழியை மாத்திக்கிறாங்க. தொழிற்சாலையில் காலம் தள்ளுற எங்களுக்கு இது நல்லாவே புரியுது. இதுக்குக் குதிரை வண்டி தேவையில்ல.

மொழிக்கு விழா எடுக்க வேண்டாம்னு நாங்க சொல்லல. போட்டி, பரிசு, மேடை எல்லாம் நடக்கட்டும். நாங்களும் நாற்காலி அடுக்க வர்றோம். ஆனா அந்தச் சங்கங்களுக்கு என்ன ஆச்சுன்னு நினைச்சுப் பாருங்க. விழா முடிஞ்சு காரில் வீட்டுக்குப் போகும்போது பின் சீட்டில் இருக்கிற பிள்ளையிடம் எந்த மொழியில் பேசுறீங்க? பதிலை எங்களுக்குச் சொல்ல வேண்டாம், வீட்டுல பேசி முடிவு பண்ணுங்க.