ஒரு ஸ்பீக்கர் மட்டும் ஊமையானால் புது செட் வாங்க வேண்டுமா?

கம்ப்யூட்டரை வீட்டு ஸ்டீரியோ செட்டுடன் இணைத்துப் பாட்டுக் கேட்பவர்களில் பலர் இதனைச் சந்தித்திருப்பார்கள். வலது ஸ்பீக்கர் நன்றாகப் பாடும். இடது ஸ்பீக்கர் மௌனமாக இருக்கும். உடனே ஒரு நண்பர், “சவுண்ட் கார்டு போச்சு” என்பார். இன்னொருவர் விண்டோஸை மீண்டும் இன்ஸ்டால் செய்யச் சொல்வார். கடைக்காரர் புது ஸ்பீக்கர் செட்டின் விலையைச் சொல்வார். இவர்களில் ஒருவரும் செட்டின் பின்பக்கத்தை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பழுது எந்த இடத்தில் என்று தெரியும் முன் எதையும் வாங்கக் கூடாது, எதையும் பார்மட் செய்யக் கூடாது என்பதே என் கருத்து. டிரைவர் கெட்டால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சேர்ந்தே நின்றுவிடும். ஒரு பக்கம் மட்டும் போனால் என் சந்தேகம் முதலில் கேபிள் மீதும் ஜாக் மீதும்தான் விழும். அவைதாம் தினமும் இழுபடுகின்றன, வளைகின்றன, தூசி சேர்கின்றன.

இதைக் கண்டுபிடிக்க மீட்டர் எதுவும் வேண்டாம். ஸ்டீரியோ என்பது ஒரே மாதிரியான இரண்டு பாதைகள். அதில் ஒன்று நன்றாக இருக்கிறதே, அதுவே உங்கள் சோதனைக் கருவி.

முதலில் ஹெட்போனைக் கம்ப்யூட்டரில் நேரடியாகச் செருகிக் கேளுங்கள். 1960களில் வந்த பழைய தமிழ்த் திரைப்பாடல் ஒன்றைப் போடுங்கள். அவை பெரும்பாலும் மோனோ பதிவுகள் என்பதால் இரண்டு காதிலும் ஒரே அளவில் கேட்க வேண்டும். புதிய பாடல்களில் ஒரு கருவி வேண்டுமென்றே ஒரு பக்கம் மட்டும் ஒலிக்கும், அது குழப்பும். ஒரு காதில் கேட்கவில்லை என்றால், விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று சென்று உங்கள் அவுட்புட் சாதனத்தைக் கிளிக் செய்திடுங்கள். அங்கே இடது, வலது சேனல்களுக்குத் தனித்தனி ஸ்லைடர் இருக்கும். குழந்தைகள் கை பட்டு ஒன்று பூஜ்யத்தில் இருக்கலாம். (ஆம்ப்ளிபயரில் உள்ள பேலன்ஸ் குமிழையும் இதே கண்ணோடு பாருங்கள்.)

ஹெட்போனில் இரண்டு காதும் கேட்டால் கம்ப்யூட்டர் நிரபராதி. இனி ஆம்ப்ளிபயரின் பின்பக்கம். அதனை ஆப் செய்துவிட்டு, கம்ப்யூட்டரில் இருந்து வரும் சிவப்பு, வெள்ளை பின்கள் இரண்டையும் இடம் மாற்றிச் செருகுங்கள். சிவப்பு வலது, வெள்ளை இடது. மறுபடி ஆன் செய்யும்போது மௌனம் அடுத்த ஸ்பீக்கருக்குத் தாவினால் குற்றவாளி கேபிள். ஹெட்போன் சோதனையைத்தான் முடித்துவிட்டோமே! மௌனம் அதே ஸ்பீக்கரில் நின்றால் கேபிள் தப்பித்தது.

அடுத்து ஸ்பீக்கர் ஒயர்களை ஆம்ப்ளிபயர் முனையில் மாற்றிப் பாருங்கள். ஊமை ஸ்பீக்கர் இப்போது பாடினால் பழுது ஆம்ப்ளிபயரின் ஒரு சேனலில். அப்போதும் பாடவில்லை என்றால் அந்த ஸ்பீக்கரோ, அதற்குப் போகும் ஒயரோ. இந்த வேலையின்போதும் செட் கட்டாயம் ஆப்பில் இருக்க வேண்டும். செம்பு இழை ஒன்று பக்கத்து முனையைத் தொட்டாலே அவுட்புட் பகுதி எரிந்து போகலாம்.

ஒரு வேடிக்கையான பழுதும் உண்டு. ஸ்டீரியோ பாடலில் இசை கேட்கும், பாடகரின் குரல் மட்டும் மாயமாகிவிடும். பாட்டு பைல் கெட்டுவிட்டது என்று டெலிட் செய்பவர்கள் உண்டு. 3.5 மி.மீ. பிளக்கின் நுனி இடது சேனல், நடு வளையம் வலது, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட். அந்தக் கிரவுண்ட் தொடர்பு அறுந்தால் இரண்டு சேனலுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே ஒலிக்கும். குரல் இரண்டிலும் சமமாக இருப்பதால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். பிளக்கை அழுத்திச் செருகினால் குரல் திரும்புகிறதா என்று பாருங்கள்.

பழைய ஆம்ப்ளிபயர்களில் இன்னொன்று: வால்யூமைக் கூட்டியதும் காணாமல் போன பக்கம் சட்டென்று உயிர் பெறும். உள்ளே உள்ள ரிலேயின் முனைகளோ, வால்யூம் குமிழோ அழுக்கேறியதன் அடையாளம் இது. சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகும். ஆனால் மூடியைக் கழற்றுவது மெக்கானிக்கின் வேலை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

அவரிடம் போகும்போது “செட் ரிப்பேர்” என்று சொல்லாதீர்கள். “இன்புட்டை மாற்றிப் பார்த்தேன், ஸ்பீக்கரையும் மாற்றிப் பார்த்தேன், இடது சேனலில்தான் பழுது” என்று சொல்லுங்கள். அதன் பிறகு சவுண்ட் கார்டை மாற்றியதாக உங்களிடம் யாரும் பில் நீட்ட முடியாது.